களப்பணியை எடுத்துவிடாதீர்கள்: குற்றவியல் துறைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

குற்றவியல் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

நான் படித்த துறை வரும் கல்வியாண்டிலிருந்து பாடத்திட்டத்தை மாற்றுகிறது. சிறையிலும், குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியே வைத்துக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலகத்திலும் ஒரு பருவம் முழுக்கச் செய்யவேண்டியிருந்த களப்பணி இனிமேல் கட்டாயமில்லை, விருப்பப் பாடம்தான். தனித்தனியாக இருந்த புள்ளியியலும் ஆய்வு முறையியலும் ஒரே தாளாகச் சுருங்குகின்றன. மிச்சமாகும் நேரத்தில் குற்றவாளியின் மனத்தை அறிவது பற்றிப் புதிதாக ஒரு தாள், கூடவே மாதிரிக் குற்றக்களம் அமைத்த ஓர் ஆய்வகம். சேர்க்கை விளம்பரத்தில் பூதக்கண்ணாடி, மஞ்சள் நாடா, தரையில் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்த ஓர் உடல். கீழே, துப்பறிவாளராகலாம், குற்றவாளியின் குணங்களைக் கணிக்கும் ப்ரொஃபைலராகலாம், தடயவியல் நிபுணராகலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு துறையோடு போகிற விஷயம் என்றால் அந்தத் துறைத் தலைவருக்கே தனியாக எழுதியிருப்பேன். ஆனால் வேறு பல துறைகளின் விளம்பரங்களையும் எடுத்துப் பார்த்தேன். படம் மாறுகிறது, வாக்குறுதி மாறவில்லை. அதனால் இது உங்கள் எல்லோருக்கும்.

நான் குற்றவியலில் இளநிலையும் முதுநிலையும் படித்தவள். முதலில் நன்னடத்தை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இப்போது குற்றப் பதிவுகளை அலசும் பிரிவு ஒன்றில் இருக்கிறேன். புதியவர்களை எடுக்கும் நேர்காணல் குழுவிலும் உட்காருகிறேன். இந்தப் படிப்பு எனக்குச் சோறு போடுகிறது என்பதைவிட, நான் மதிக்கும் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் சும்மா இருக்க மனம் வரவில்லை.

விளம்பரத்தில் இருக்கும் மூன்று வேலைகளையும் எடுத்துக்கொள்வோம். துப்பறியும் வேலை அநேகமாக எல்லா நாட்டிலும் காவல்துறைக்குள்தான் இருக்கிறது. அதற்குரிய தேர்வு எழுதி, உடற்தகுதியில் தேறி, சீருடையில் சில ஆண்டுகள் ரோந்தும் புகாரும் பார்த்த பிறகுதான் பெரும்பாலும் புலனாய்வுப் பக்கம் போகமுடியும். குற்றவியல் பட்டம் வழியில் உதவலாம், வழியைச் சுருக்காது. தடயவியல் ஆய்வகங்களோ வேதியியல், உயிரியல், நச்சியல் படித்தவர்களைத் தேடுகின்றன. 1909-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் ரைஸ் என்பவர் தொடங்கிய தடயவியல் நிறுவனத்தின் காலத்திலிருந்தே அது தன் போக்கில் வளர்ந்த தனித் துறை.

ப்ரொஃபைலர் என்ற வேலை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1972-ல் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அந்த வேலையை அங்கே செய்கிறவர்கள் ஏற்கெனவே பல ஆண்டுகள் புலனாய்வில் பழுத்த முகவர்கள். கல்லூரியிலிருந்து நேராக யாரையும் அங்கே எடுப்பதில்லை. அந்த முறை எவ்வளவு பலிக்கிறது என்பதும் தீர்ந்துபோன கேள்வி இல்லை. ஆய்வாளர் ப்ரென்ட் ஸ்னூக்கும் அவருடைய குழுவினரும் 2007-ல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முகம் தெரியாத குற்றவாளியின் குணங்களைக் கணிப்பதில் இந்த நிபுணர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மேம்பட்டு நிற்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. இப்படி ஒரு முறையைச் சந்தேகத்தோடு ஆராயக் கற்றுத்தருவதுதான் குற்றவியல். நீங்கள் அதையே முகப்பில் மாட்டி விற்கிறீர்கள்.

இதற்கு விலை கொடுப்பது மாணவர்கள். சில மாதங்களுக்கு முன் நேர்காணலுக்கு ஒரு பெண் வந்திருந்தார். நல்ல மதிப்பெண், தெளிவான பேச்சு. படிப்பு முடிந்ததிலிருந்து தடயவியல் ஆய்வகங்களுக்கே விண்ணப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் வேதியியல் பட்டம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். “சேரும்போது இதை யாரும் சொல்லலையே மேடம்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, களைத்துப்போயிருந்தார். நன்னடத்தை அலுவலகம் ஒன்றுக்காவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. கைதிகளோடு பேசியிருக்கிறீர்களா? ஒருமுறை துறையிலிருந்து பேருந்தில் அழைத்துப் போனார்களாம், முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்களாம். மூன்று ஆண்டு படித்தவருக்குத் தன் படிப்பு எங்கே பயன்படும் என்றே தெரியவில்லை. இதை அவர் குறை என்று என்னால் ஏற்கமுடியாது.

சரி, பயன்படும் இடம் எது? நான் இருந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் நீதிபதியோ பேராசிரியரோ இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காலணி செய்து பிழைத்த ஜான் அகஸ்டஸ். 1841-ல் நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரருக்குத் தானே ஜாமீன் கொடுத்து அழைத்துப்போய், மூன்று வாரம் கழித்துத் தெளிந்த மனிதராகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். 1859-ல் இறப்பதற்குள் கிட்டத்தட்ட 2,000 பேருக்கு இப்படிப் பொறுப்பேற்றிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பொறுப்பேற்கவில்லை. வயது, பழக்கம், கூட இருப்பவர்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்த பிறகே கையெழுத்துப் போட்டார். அந்த விசாரணைதான் இன்று தீர்ப்புக்கு முன் நீதிமன்றம் கேட்கும் அறிக்கையாக நம் மேசைக்கு வருகிறது.

அந்த அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பதை எனக்குச் சொல்லித்தந்தது வகுப்பறை இல்லை, களப்பணி. என்னைக் கூட்டிக்கொண்டு போன மூத்த அலுவலர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவேண்டாம் என்று. திருட்டு வழக்கில் மாட்டிய ஓர் இளைஞனின் வீடு அது. உள்ளே போனதும் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “தம்பி காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பாரும்மா?” என்று அவன் தாயிடம் கேட்டார். மதியம் ஆகும் என்றார் அந்த அம்மா. ஏன் என்று கேட்டதும்தான் அவன் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குப் போவது தெரியவந்தது. வழக்குக் கட்டில் ‘வேலையற்றவர்’ என்று இருந்தது. வழக்கமான நிபந்தனையோ, வாரம் ஒருமுறை காலை 9 மணிக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்பது. இரவெல்லாம் மூட்டை தூக்கியவன் இரண்டு வாரம் வருவான், மூன்றாவது வாரம் தூங்கிவிடுவான். நிபந்தனையை மீறியதாகப் பதிவாகும். அடுத்தது சிறை. அலுவலர் அறிக்கையில் அவனுடைய வேலை நேரத்தை எழுதி, கையெழுத்தை மாலைக்கு மாற்றும்படி ஒரு வரி சேர்த்தார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஒரு மனிதன் சிறைக்குப் போவதும் போகாததும் எப்படி ஒரு கேள்வியில் தொங்குகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். மாதிரிக் குற்றக்களத்தில் பொம்மையைக் கிடத்தி இதைக் கற்றுத்தர முடியாது. நீங்கள் விருப்பப் பாடமாக்கியிருப்பது இதைத்தான்.

சிறைக்குள் மறுவாழ்வுத் திட்டங்களை நடத்துவது, விடுதலையாகி வருகிறவர்களுக்கு இடமும் வேலையும் தேடித்தருவது, சிறார் நீதி அமைப்புகளில் பிள்ளைகளோடு வேலை செய்வது, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் துணை நிற்பது எல்லாம் இந்தப் படிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கிற இடங்கள்தான். பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய ஐ.நா. பிரகடனம் 1985-லேயே வந்துவிட்டது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும், அவர்கள் கருத்தைக் கேட்கவேண்டும், உதவி தரவேண்டும் என்கிறது. அதைச் செய்ய ஆள் வேண்டும். நீதிமன்ற வராந்தாவில் ஒரு பெண்ணுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று பொறுமையாக விளக்கத் தெரிந்த ஆள். உங்கள் விளம்பரத்தில் கிடக்கும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டு உடலுக்கு ஒரு குடும்பம் இருக்கும் என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா?

இன்னொரு பக்கம் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. மோசடித் தடுப்பு, பணச்சலவைத் தடுப்புப் பிரிவுகளில் இன்று குற்றவியல் பட்டதாரிகள் வேலை பார்க்கிறார்கள். 1939-ல் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட், கோட்டு சூட்டு போட்டவர்கள் தொழிலின் போர்வையில் செய்யும் குற்றத்தையும் குற்றவியல் ஆராயவேண்டும் என்று அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் மேடையிலேயே பேசினார். பத்தாண்டு கழித்து அதைப் புத்தகமாக்கியபோது நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட வேண்டியிருந்தது. பெயர்களோடு முழுப் பதிப்பு வர 1983 ஆனது. அந்த மனிதர் அவ்வளவு போராடித் திறந்துவிட்ட கதவு இது. மாணவருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாமல் பார்த்துக்கொள்கிறது உங்கள் விளம்பரம்.

அடுத்தது புள்ளியியல். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் இன்று என் அன்றாட வேலையே இது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் திருட்டுப் பதிவுகளை வைத்து ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். நள்ளிரவு சரியாக 12 மணிக்குக் குற்றம் மலைபோல் உயர்ந்து நின்றது. அந்த நேரத்தில் ரோந்தைக் கூட்டலாம் என்று பரிந்துரையும் எழுதியிருந்தார். பதிவு செய்கிறவருக்கு நேரம் தெரியாவிட்டால் கணினி தானாகவே 00:00 என்று போட்டுக்கொள்கிறது. அந்த மலை முழுக்க நேரம் தெரியாத வழக்குகள். அதேபோல, முகவரி சரியாக இல்லாத பதிவெல்லாம் காவல் நிலையம் இருக்கும் புள்ளியிலேயே போய் விழுந்திருந்தது. ஊரிலேயே ஆபத்தான இடம் காவல் நிலையத்தின் வாசல் என்று காட்டியது வரைபடம். அந்தப் பரிந்துரை அப்படியே மேலே போயிருந்தால் ஆட்களை இல்லாத ஒன்றின் பின்னால் அனுப்பியிருப்பார்கள். இந்தப் பதிவை யார் எழுதினார், எப்போது எழுதினார், தெரியாததை எப்படி நிரப்பினார் என்று கேட்கப் பழக்குவதுதான் ஆய்வு முறையியல். அரைத்தாளில் அந்தப் பழக்கம் வராது.

பதிவைச் சரியாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் அலசி 1989-ல் வெளியிட்டார்கள். நகரின் இடங்களில் சுமார் 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. காவல் பணியை எங்கே குவிப்பது என்ற சிந்தனையையே அது மாற்றியது.

புள்ளியியல் கடினம், மாணவர்கள் பயந்து ஓடுகிறார்கள் என்று சொல்வீர்கள். அது இல்லாமல் ஒருவரைக் குற்றவியல் பட்டதாரி என்று வெளியே அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பழைய செய்திகளைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதவை இல்லை, நீங்களே எனக்கு நடத்தியவைதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு தொடங்கியது. வழிதவறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களை இரண்டிரண்டு பேராகப் பொருத்தி, ஒருவனுக்கு ஆலோசகர், பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். மற்றவனை அவன் போக்கில் விட்டார்கள். 1945 வரை நடந்தது. சுமார் 30 ஆண்டு கழித்து குற்றவியலாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். பதிவுகள் வேறு மாதிரி சொல்லின: குடி, மனநோய், இளம் வயதுச் சாவு, மறுபடி குற்றம் எனப் பலவற்றில் உதவி பெற்றவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். 1978-ல் அவர் இதை வெளியிட்டபோது நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்த பலருக்கும் அதிர்ச்சி.

இன்னொன்று, 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் தொடங்கிய திட்டம். பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டவைத்தால் திருந்திவிடுவார்கள் என்று நம்பினார்கள். நாடெங்கும் பரவியது. முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மிரட்டப்பட்ட பிள்ளைகள் பிறகு குற்றத்தில் இறங்கியது குறையவில்லை, கூடியே இருந்தது. இன்றைக்கும் எங்காவது யாராவது ஒரு அதிகாரி இதே யோசனையோடு வருகிறார். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் குற்றவியல் பட்டதாரி எழுந்து, “ஐயா, இது பிள்ளைகளைக் கெடுத்ததாக ஆய்வு இருக்கிறது” என்று சொல்லவேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திட்டத்தில் சேர்க்காமல் விடும் கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்றே தெரியாதவர் எப்படிச் சொல்வார்? அவர் கைதட்டுவார். நான் பயப்படுவது அதற்குத்தான்.

நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும், கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா. விதிகள் 2015-ல் திருத்தி ஏற்கப்பட்டன. 78-வது விதி, சிறையில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், ஆசிரியர், தொழிற்பயிற்றுநர் போன்றோர் போதுமான அளவில் இருக்கவேண்டும் என்கிறது. அந்த வரிசையில் குற்றவியலாளர் பெயர் இல்லை. சமூகப் பணி படித்தவருக்குக் களப்பணி அனுபவம் இருக்கிறது, உளவியல் படித்தவருக்கு அளவீட்டுக் கருவிகள் தெரியும். நம் பிள்ளைகள் அவர்களோடு போட்டியிடும்போது கையில் வைத்திருந்தது இரண்டு: சிறையையும் நன்னடத்தை அலுவலகத்தையும் உள்ளிருந்து பார்த்த அனுபவம், எது பலிக்கிறது என்று அளந்து சொல்லும் திறமை. இந்த இரண்டையும்தான் புதிய பாடத்திட்டம் பிடுங்கிக்கொள்கிறது.

உங்கள் தரப்பையும் கேட்டேன். சிறை நிர்வாகம் அனுமதி தர இழுத்தடிக்கிறது, மாணவர் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று பயமாக இருக்கிறது, சேர்க்கை குறைந்தால் துறையையே மூடிவிடுவார்கள் என்றார் எனக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அனுமதிச் சிக்கல் உண்மைதான், நானே அலுவலகத்தின் அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக மனு எடுத்துக்கொண்டு அலைவதால் வரும் சிக்கல் அது. பல்கலைக்கழகம் சிறைத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரை நியமித்தால் பாதி குறையும். மருத்துவ மாணவரை நோயாளி பக்கம் விடாமல் பட்டம் கொடுப்பீர்களா? சேர்க்கையைப் பொறுத்தவரை, பொய் சொல்லிச் சேர்த்த மாணவர்களே நாளைக்குத் தம்பி தங்கைகளிடம் இந்தப் பக்கம் வராதே என்பார்கள்.

நான் கேட்பது இவை.

களப்பணியை மறுபடி கட்டாயமாக்குங்கள். ஒரு நாள் சுற்றுலா வேண்டாம். ஒரு முழுப் பருவம், ஒரு மேற்பார்வையாளரின் கீழ், மாணவர் தானே ஓர் அறிக்கையின் வரைவையாவது எழுதும் அளவுக்கு இருக்கவேண்டும். சிறைக்கு அனுமதி கிடைக்காத இடத்தில் நன்னடத்தை அலுவலகம், சிறார் இல்லம், பாதிக்கப்பட்டோர் உதவி மையம், சட்ட உதவி மையம் என்று எதுவாகவும் இருக்கட்டும்.

புள்ளியியலையும் ஆய்வு முறையியலையும் தனித்தனித் தாள்களாகவே வையுங்கள். சுத்தம் செய்து தட்டில் வைத்த தரவைக் கொடுக்காமல், பெயர் விவரங்களை நீக்கிய அசல் பதிவுகளைக் கொடுத்துப் பழக்குங்கள். பிழை அங்கேதான் இருக்கிறது.

அந்த விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், கடந்த ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று முழுதாகப் போடுங்கள். பெயர் வேண்டாம், வேலை போதும். வேறு துறைக்குப் போனவர்களையும், வேலை கிடைக்காதவர்களையும் சேர்த்தே போடுங்கள். காவல்துறைக்குத் தனித் தேர்வு, தடயவியலுக்கு அறிவியல் பட்டம், வழக்கறிஞராகச் சட்டப் படிப்பு என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் கொடுங்கள்.

நன்னடத்தை, சிறை, சிறார் நலப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் துறைகளுக்கு எழுதி, தகுதிப் பட்டியலில் குற்றவியல் இல்லாத இடங்களில் சேர்க்கக் கேளுங்கள். இதைப் பட்டதாரிகள் ஆளுக்கொரு மனுவாகக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகம் கேட்டால் பதிலாவது வரும்.

கடைசியாக, இந்த விளம்பரத்தை நம்பி ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிலைமையைச் சொல்லுங்கள். துறை மாற விரும்புகிறவர்களுக்கு ஓர் ஆண்டு வீணாகாமல் வழி செய்யுங்கள். இருப்பவர்களுக்கு இந்த ஆண்டே களப்பணிக்கு இடம் பிடித்துக்கொடுங்கள். என் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். துறைத் தலைவரின் கடிதம் வந்தால் போதும். அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு முன் உங்கள் பதிலை, எனக்கு மட்டும் அனுப்பாமல், மாணவர்கள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி